மாதிரி ஐ.நா.: சின்ன நாடு கிடைத்துவிட்டது, பேச என்ன இருக்கிறது?

கேள்வி, ஜூன் 3

அண்ணா, மாணவர்கள் ஆளுக்கொரு நாட்டின் பிரதிநிதியாகப் பேசும் மாதிரி ஐ.நா. மாநாட்டில் எனக்கு போட்ஸ்வானாவைக் கொடுத்துவிட்டார்கள். தலைப்பு, சட்டவிரோத வனவிலங்கு வணிகம். தலைநகரம், மக்கள்தொகை, ஜி.டி.பி., வைரம், யானை என்று ஒரு பக்கம் எழுதி முடித்துவிட்டேன். அதற்கு மேல் ஒன்றும் சிக்கவில்லை. அமெரிக்காவோ சீனாவோ கிடைத்தவர்களுக்குப் பேச ஆயிரம் இருக்கிறது. சின்ன நாடு கிடைத்தால் பரிசை மறந்துவிட வேண்டியதுதான் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். உண்மையா?

ஜூன் 3, இரவு

சீனியர்கள் சொல்வதை ஒரு ஓரமாக வையுங்கள் தம்பி. இந்தத் தலைப்புக்கு போட்ஸ்வானாவை விடப் பெரிய நாடு கிடையாது. உலகத்திலேயே அதிக யானைகள் உள்ள நாடு அது, சுமார் 1,30,000. அமெரிக்கப் பிரதிநிதி யானையைப் பற்றிப் பேசலாம். நீங்கள் யானையின் வீட்டுக்காரராகப் பேசலாம்.

பக்கத்தில் "யானை" என்று ஒரு சொல்லோடு நிறுத்திவிட்டீர்கள் பாருங்கள், விஷயம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. சைட்டீஸ் என்ற ஒப்பந்தத்தைத் தேடுங்கள். அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்துவது. 1973இல் கையெழுத்தாகி 1975இல் நடைமுறைக்கு வந்தது. 1989இல் ஆப்பிரிக்க யானையை அதன் முதல் பட்டியலில் சேர்த்தார்கள், அதாவது பன்னாட்டுத் தந்த வணிகத்துக்குப் பூட்டு. 1997இல் ஹராரேயில் நடந்த கூட்டத்தில் போட்ஸ்வானா, நமீபியா, ஜிம்பாப்வே மூன்றின் யானைகளை மட்டும் நிபந்தனைகளோடு இரண்டாம் பட்டியலுக்கு, அதாவது கட்டுப்பாட்டோடு வணிகம் நடக்கலாம் என்ற பட்டியலுக்கு இறக்கினார்கள். அதன் பிறகு 1999இலும் 2008இலும் கையிருப்புத் தந்தங்களை ஒருமுறை விற்பனையாக விற்க அனுமதி கிடைத்தது. வாங்கியது முதல் முறை ஜப்பான், அடுத்த முறை ஜப்பானும் சீனாவும்.

ஆக, உங்கள் நாடு கள்ளவேட்டைக்கு எதிரி, சட்டப்படியான வணிகத்துக்கு ஆதரவு. இந்த இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். நான் உட்கார்ந்த ஒரு குழுவில் போட்ஸ்வானாவின் பிரதிநிதி எழுந்து, தந்த வணிகத்தை உலகம் முழுக்க அடியோடு தடை செய்ய வேண்டும் என்று உருக்கமாகப் பேசினார். முதலில் கை தட்டியது, தந்த விற்பனையை எதிர்க்கும் கென்யா. நமீபியாவுக்காக வந்திருந்த பெண் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 4

நேற்று அவசரத்தில் எழுதியது. எந்த வரிசையில் தேடுவது என்று சொல்லாமல் விட்டுவிட்டேன்.

எல்லோரும் நாட்டின் பொது விவரத்தில் தொடங்குகிறார்கள், அதிலேயே களைத்துவிடுகிறார்கள். நான் தலைகீழாகப் போவேன். முதலில் இந்தத் தலைப்பில் அந்த நாடு எப்படி வாக்களித்தது என்று பார்ப்பேன். அப்புறம் எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது, எதை உறுதி செய்யாமல் இழுத்தடிக்கிறது, எந்தப் பிரிவுக்கு விலக்கு கேட்டது. அப்புறம் பணம்: எங்கிருந்து வருகிறது, எதற்குப் போகிறது, யாரிடம் கடன். தலைநகரமும் பரப்பளவும் கடைசி. அதை யாரும் கேட்க மாட்டார்கள்.

பேச்சு எல்லா நாடும் அழகாகத்தான் பேசும். செப்டம்பரில் நடக்கும் பொதுச் சபை விவாதத்தைக் கேட்டால் எல்லோருக்கும் சமாதானம் வேண்டும், எல்லோருக்கும் பூமியின் மேல் பாசம். வாக்கெடுப்புப் பலகை வந்தால்தான் முகம் தெரியும்.

ஜூன் 4, பிற்பகல்

சிரிப்புக்கு ஒன்று. 2024இல் வேட்டையாடிய விலங்குகளின் பாகங்களை இறக்குமதி செய்வதை ஜெர்மனி கட்டுப்படுத்த நினைத்தபோது, போட்ஸ்வானாவின் அன்றைய அதிபர் மசிசி, 20,000 யானைகளை ஜெர்மனிக்கு அனுப்பிவைக்கிறேன், நீங்களே அவற்றோடு வாழ்ந்து பாருங்கள் என்றார். ஒரு மாதம் முன்னால் அந்நாட்டு அமைச்சர் ஒருவர் லண்டன் ஹைட் பார்க்குக்கு 10,000 யானைகள் என்று சொல்லியிருந்தார். நிலைப்பாட்டு அறிக்கையில் இதைப் போடாதீர்கள். ஆனால் ஜெர்மனிக்காரர் உங்களை மடக்கும்போது கையில் இருக்கட்டும்.

ஜூன் 6

"ஆப்பிரிக்க நாடுகள் எல்லாம் ஒரே அணியாகத்தானே நிற்கும், அந்த அணியின் அறிக்கையைப் படித்தால் போதாதா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

போதாது. ஐ.நா.வில் ஆப்பிரிக்கக் குழுவில் 54 நாடுகள். யானை விஷயத்தில் அந்தக் குழு இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. கென்யா 1977லேயே வேட்டையைத் தடை செய்தது, 1989இல் 12 டன் தந்தத்தைக் குவித்து வைத்து எரித்து உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. போட்ஸ்வானா 2014இல் வேட்டையை நிறுத்தியது, 2019இல் மறுபடி திறந்துவிட்டது. இரண்டு நாட்டுக்கும் சுற்றுலா வருமானம் முக்கியம், இரண்டு நாட்டிலும் யானை உண்டு. பிறகு ஏன் எதிரெதிர் திசை? கென்யாவின் கவலை கள்ளவேட்டைக்காரன்: ஒரு கிலோ சட்டப்படி விற்றாலும் அதன் நிழலில் திருட்டுத் தந்தமும் சந்தைக்குள் வந்துவிடும் என்கிறது. போட்ஸ்வானாவின் கவலை, வயலை மிதித்துப் போகும் யானை: அதோடு வாழ்கிற கிராமத்துக்கு ஒரு வருமானமும் இல்லை என்றால் அந்த மக்கள் எதற்காக அதைக் காப்பாற்ற வேண்டும் என்று கேட்கிறது. இரண்டு வாதத்திலும் சத்து இருக்கிறது. கென்யாவின் வாதத்தை கென்யாக்காரரை விட நன்றாகச் சொல்லத் தெரியும் வரை போட்ஸ்வானாவுக்குத் தயாராகிவிட்டதாக நினைக்க வேண்டாம்.

வளரும் நாடுகளின் ஜி77, அணிசேரா இயக்கம் போன்ற பெரிய குழுக்களுக்கும் இதே கதைதான். ஜி77 1964இல் 77 நாடுகளோடு தொடங்கியது. இன்று 134. பெயர் மட்டும் மாறவில்லை. 134 நாடுகள் ஒத்துப்போகிற அறிக்கை எவ்வளவு வழவழப்பாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கூட்டாளிகளைத் தேட அது உதவும், உங்கள் நிலைப்பாட்டைத் தேட உதவாது.

ஜூன் 7

வாக்கெடுப்பைப் படிப்பது எப்படி என்று இரண்டு பேர் கேட்டதால், எனக்குப் பிடித்த ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்.

2010 ஜூலை 28. குடிநீரும் சுகாதார வசதியும் மனித உரிமை என்று அறிவிக்கும் தீர்மானம், பொலிவியா கொண்டுவந்தது. எண் 64/292. ஆதரவு 122, எதிர்ப்பு பூஜ்யம், விலகி நின்றவை 41. தண்ணீர் மனித உரிமை என்பதை யார் எதிர்ப்பார்கள்? யாரும் எதிர்க்கவில்லை, அதுதான் அந்த பூஜ்யம். சுவாரசியம் அந்த 41இல்.

பட்டியலைத் திறந்து பாருங்கள். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, ஜப்பான் இருக்கின்றன. பணக்கார நாடுகள் சட்டப் பொறுப்புக்குப் பயந்தன என்று எழுதி மூடிவிடலாம் போலத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். ஜெர்மனியும் பிரான்சும் ஆதரித்திருக்கின்றன. கீழே இறங்கினால் எத்தியோப்பியா, கென்யா, தான்சானியா, ஜாம்பியா, லெசோத்தோ, உங்கள் போட்ஸ்வானா எல்லாம் விலகி நின்ற வரிசையில். தண்ணீருக்குத் தவிக்கும் மக்கள் உள்ள நாடுகள் ஏன் விலகி நிற்க வேண்டும்?

இங்கேதான் வரைபடத்தைத் திறக்க வேண்டும். நீல நைலின் மேல்பகுதியில் எத்தியோப்பியா, அது போய்ச் சேரும் நைலின் கடைசியில் எகிப்து. எகிப்து ஆதரித்தது. லெசோத்தோவின் மலையில் பிறக்கும் தண்ணீரைத்தான் தென்னாப்பிரிக்கா விலை கொடுத்து வாங்குகிறது. போட்ஸ்வானாவின் ஒக்கவாங்கோ அங்கோலாவில் பிறந்து நமீபியா வழியாக வருகிறது. ஆற்றைப் பங்கிடும் நாட்டுக்கு "உரிமை" என்ற பேச்சு வந்தாலே காது நிமிரும். யாருக்கு எதிராக, எந்த எல்லையைத் தாண்டி என்று கேட்கும். இது ஒரு ஊகம்தான், எல்லா நாட்டுக்கும் பொருந்தாது. ஊகத்தைச் சரிபார்க்கத்தான் வாக்கு விளக்கம் இருக்கிறது: வாக்களிப்பதற்கு முன்னாலோ பின்னாலோ எழுந்து நின்று ஏன் இப்படி வாக்களிக்கிறோம் என்று நாடுகள் சொல்வது. அந்தக் கூட்டத்தின் சொல்லுக்குச் சொல் பதிவு ஐ.நா.வின் மின் நூலகத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அமெரிக்கா, ஜெனீவாவில் மனித உரிமை கவுன்சில் இதே விஷயத்தை ஆராய்ந்துகொண்டிருக்கும்போது இது முந்திக்கொண்டு வருகிறது என்றது. பிரிட்டன், இதற்குப் போதிய சட்ட அடிப்படை இல்லை என்றது. இரண்டு மாதத்தில் அந்த மனித உரிமை கவுன்சிலிலேயே அதே உரிமை வாக்கெடுப்பு இல்லாமல் ஒருமனதாக நிறைவேறியது.

ஒரே ஒரு கூட்டப் பதிவு. அதை உட்கார்ந்து படித்தவர், நாட்டு விவரப் பக்கங்களை நாள் முழுக்கப் புரட்டியவரை விட அதிகம் தெரிந்தவராகக் குழுவுக்குள் நுழைவார்.

ஜூன் 7, சற்று நேரம் கழித்து

மேலே உள்ளதில் ஒரு விளக்கம். 122ஐயும் 41ஐயும் கூட்டினால் 163. அன்று ஐ.நா.வில் 192 நாடுகள். மீதி 29 நாடுகள் வாக்களிக்கவே இல்லை. விலகி நிற்பதும் வராமல் இருப்பதும் வேறு வேறு. வராததற்கு ராஜதந்திரக் காரணமும் இருக்கலாம், ஆள் பற்றாக்குறையும் இருக்கலாம். மூன்று நான்கு பேரை வைத்து நியூயார்க்கில் தூதரகம் நடத்தும் நாடு ஒரே நேரத்தில் எத்தனை அறையில் உட்கார முடியும்? அதைப் பெரிய கொள்கை முடிவாக எழுதி வைக்காதீர்கள். சந்தா பாக்கி இரண்டு வருடத் தொகையைத் தொட்டுவிட்டாலும் வாக்குரிமை போய்விடும், ஐ.நா. சாசனம் பிரிவு 19.

ஜூன் 10

பாதுகாப்பு கவுன்சிலில் பிரான்ஸ் கிடைத்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "வீட்டோ செய்வேன்" (நிரந்தர உறுப்பினரின் ஒற்றை எதிர்ப்பு வாக்கால் தீர்மானத்தை வீழ்த்துவேன்) என்று மிரட்டாதீர்கள். பிரான்ஸ் கடைசியாக வீட்டோவைப் பயன்படுத்தியது 1989 டிசம்பரில், பனாமா விஷயத்தில், அமெரிக்காவோடும் பிரிட்டனோடும் சேர்ந்து. பிரிட்டனும் அதற்குப் பிறகு தொடவில்லை. பெருங்கொடுமைகள் நடக்கும்போது நிரந்தர உறுப்பினர்கள் வீட்டோவைத் தாங்களாகவே நிறுத்தி வைக்க வேண்டும் என்று பிரசாரம் செய்வதே பிரான்ஸ்தான்.

இன்னொன்று. 15 பேரில் ஒன்பது ஆதரவு வாக்கு வேண்டும், நிரந்தர உறுப்பினர் யாரும் எதிர்க்கக் கூடாது. நிரந்தர உறுப்பினர் விலகி நின்றால் அது வீட்டோ ஆகாது. ஆகவே பத்துத் தற்காலிக உறுப்பினர்களில் ஏழு பேர் ஆதரவு தராமல் ஒன்றாக உட்கார்ந்துவிட்டால், ஐவரும் ஒத்துக்கொண்டாலும் எந்தத் தீர்மானமும் நகராது. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்களைக் குழுவில் அதிகம் பார்த்ததில்லை. தற்காலிக உறுப்பினர் நாடு கிடைத்தவர்கள் முகம் வாடி உட்கார்ந்திருப்பதைத்தான் பார்க்கிறேன்.

ஜூன் 11

4ஆம் தேதி சிரிப்புக்குப் போட்டதில் "அன்றைய அதிபர்" என்று எழுதியதைக் கவனித்தீர்களா? 2024 தேர்தலில் மசிசியின் கட்சி தோற்றது. 1966இல் சுதந்திரம் வாங்கியதிலிருந்து ஆண்ட கட்சி. டூமா போக்கோ அதிபரானார். பழைய கட்டுரையைப் பிடித்துக்கொண்டு "எங்கள் அதிபர் மசிசி" என்று ஆரம்பித்தால் முதல் வரியிலேயே ஆட்டம் போய்விடும். ஆட்சி மாறினால் நிலைப்பாடு மாறுமா என்பது வேறு கேள்வி. யானை எண்ணிக்கை ஆட்சியோடு மாறுவதில்லை, வயல் வைத்திருப்பவன் வாக்கும் இருக்கிறது. நீண்டகால நலனில் வேரூன்றிய நிலைப்பாடு அவ்வளவு சீக்கிரம் திரும்பாது. தலைவரின் தனிப்பட்ட விருப்பத்தில் நின்றது ஒரு வாரத்தில் திரும்பிவிடும். எது எந்த வகை என்று பிரித்துப் பார்க்க, குறைந்தது இரண்டு ஆட்சிக்கால அறிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

ஜூன் 13

சின்ன நாடு பேச்சு மறுபடி வந்திருக்கிறது, இந்த முறை "பசிபிக் தீவுகள் கிடைத்தால் 'மூழ்குகிறோம், காப்பாற்றுங்கள்' என்பதைத் தவிர என்ன சொல்ல?" என்று.

கோபமே வந்தது. நவுருவை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 21 சதுர கிலோமீட்டர். 2021 ஜூனில் ஆழ்கடல் சுரங்க விதிகளை இரண்டு வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற ஷரத்தை அந்தக் குட்டித் தீவு இழுத்துவிட, ஜமைக்காவின் கிங்ஸ்டனில் இருக்கும் பன்னாட்டுக் கடலடி ஆணையம் அலறி எழுந்தது. அடுத்த ஆண்டு லிஸ்பனில் நடந்த கடல் மாநாட்டில் பலாவ், ஆழ்கடல் சுரங்கத்தை நிறுத்தி வைக்கும் கூட்டணியை ஆரம்பித்தது. இரண்டுமே பசிபிக்கின் சின்னத் தீவுகள், இரண்டுக்குமே கடல் மட்டம் உயர்வது பிரச்சினை. ஒன்று தோண்டு என்கிறது, ஒன்று தொடாதே என்கிறது. நவுருவின் பாஸ்பேட் கதையைப் படித்தால் அந்த அவசரத்தின் காரணம் பிடிபடும்: தீவின் நடுப்பகுதியையே வெட்டி விற்று முடித்த நாடு அது.

மீன் கதையும் உண்டு. கிரிபாட்டி, துவாலு, நவுரு, பலாவ் உட்பட எட்டு நாடுகள் சேர்ந்து, தங்கள் கடலில் சூரை மீன் பிடிக்க வரும் கப்பல்களுக்கு நாள் கணக்கில் உரிமம் விற்கின்றன. கிரிபாட்டியின் நிலப்பரப்பு 811 சதுர கிலோமீட்டர், மீன் பிடிக்கும் உரிமை அதற்கே உள்ள பொருளாதார மண்டலக் கடல் சுமார் 35 லட்சம் சதுர கிலோமீட்டர். அரசு வருமானத்தில் பெரும் பங்கு அந்த உரிமப் பணம். மேஜையில் இவர்களிடம் பேரம் பேசுவது பெரிய மீன்பிடி நாடுகள். "காப்பாற்றுங்கள்" என்பது மட்டுமே வசனமாக இருக்கும் நாடா இது?

இன்னொரு பசிபிக் தீவு நாடான வனுவாட்டு, பருவநிலைக் கடமைகள் பற்றி சர்வதேச நீதிமன்றத்திடம் ஆலோசனைக் கருத்து கேட்கும் தீர்மானத்தை 2023 மார்ச்சில் பொதுச் சபையில் வாக்கெடுப்பு இல்லாமலே நிறைவேற்ற வைத்தது. அந்த யோசனை தொடங்கியதே தென் பசிபிக் பல்கலைக்கழகத்துச் சட்ட மாணவர்களிடம். 2025 ஜூலையில் நீதிமன்றம் கருத்தைச் சொல்லியும்விட்டது. வீட்டோ விழுந்தால் பத்து வேலை நாளுக்குள் பொதுச் சபை கூடி விவாதிக்க வேண்டும் என்ற 2022 தீர்மானத்தை முன்னின்று நடத்தியது ஐரோப்பாவின் குட்டி நாடான லீக்டென்ஸ்டைன். சரி, போதும், மூச்சு வாங்குகிறது.

ஜூன் 14

ஏ.ஐ.யிடம் கேட்டு எழுதலாமா?

தலைப்பைப் புரிந்துகொள்ளக் கேளுங்கள், தப்பில்லை. தீர்மான எண்ணை மட்டும் நம்பாதீர்கள். இருக்கும் எண்ணுக்கு இல்லாத உள்ளடக்கத்தை அது பளிச்சென்று தந்துவிடும். எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதி பிடிபடும். "ஏ" என்றால் பொதுச் சபை, "எஸ்" என்றால் பாதுகாப்பு கவுன்சில், பொதுச் சபை எண்ணில் நடுவில் வருவது கூட்டத்தொடர் எண், கடைசியில் வரிசை எண். 64ஆவது கூட்டத்தொடர் 2009 செப்டம்பரில் தொடங்கியது. "64/292, 2015" என்று எங்கேயாவது பார்த்தால் அப்போதே சந்தேகப்படலாம்.

புள்ளிவிவரத்துக்கும் இதே. ஆண்டு என்ன, அலகு என்ன, மொத்தமா தலைக்கா. கரியமில வாயுவில் மொத்தக் கணக்கைப் பார்த்தால் சீனா முன்னால், தலைக்கணக்கைப் பார்த்தால் கத்தார் போன்ற நாடுகள் முன்னால். எந்த நாட்டுப் பிரதிநிதி எந்தக் கணக்கைத் தூக்கிப் பிடிப்பார் என்று முன்கூட்டியே தெரிந்தால் பதிலும் தயாராக இருக்கும்.

ஜூன் 17

ஒரு பெண்ணின் கேள்வி, கொஞ்சம் கனமானது. தனக்குக் கிடைத்த நாட்டின் நிலைப்பாடு மனசாட்சிக்கே ஒவ்வவில்லை, அதை ஆதரித்துப் பேசுவது பொய் சொல்வது ஆகாதா என்கிறார்.

எனக்கும் இதில் முழுத் தெளிவு வந்ததில்லை. ஒரு காலத்தில், வக்கீல் வேலை மாதிரிதானே என்று சுலபமாகச் சொல்லிவிடுவேன். இப்போது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. கொடுமையை நியாயப்படுத்தும் பேச்சுக்குக் கைதட்டல் விழும்போது பேசியவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வருகிறது, அது எனக்குப் பிடிக்கவில்லை.

நடைமுறையில் நான் சொல்வது இதுதான். அந்த நாடு ஐ.நா.வில் உண்மையில் எதைச் சொல்கிறதோ அந்த அளவோடு நில்லுங்கள். எந்த அரசும் நியூயார்க்கில் எழுந்து நின்று "ஆமாம், நாங்கள் கொடுமை செய்கிறோம்" என்பதில்லை. உள்நாட்டு விவகாரம் என்று சாசனத்தின் 2(7) பிரிவைக் காட்டும், ஆதாரம் இல்லை என்னும், இரட்டை அளவுகோல் என்னும், நடைமுறை சரியில்லை என்னும். அந்தச் சட்டமொழியில் பேசுங்கள். வெறுப்பை நடித்துக் காட்ட வேண்டிய அவசியம் இல்லை. நாற்காலியை விட்டு எழுந்த பிறகு எதிர்த்தரப்பு ஆவணங்களையும் படித்துவிடுங்கள். மனித உரிமை கவுன்சிலின் காலமுறை மீளாய்வில் ஒவ்வொரு நாட்டையும் மற்ற நாடுகள் கேட்ட கேள்விகளும், அது ஏற்ற பரிந்துரைகளும், ஏற்காதவையும் இருக்கின்றன. ஏற்காதவற்றின் பட்டியல் நாட்டின் நிலைப்பாட்டை அப்படியே காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் அறிக்கைக்கும் உதவும், உங்கள் மனசுக்கும் உதவும்.

ஜூன் 18

போட்ஸ்வானா தம்பி வரைவுத் தீர்மானம் அனுப்பியிருக்கிறார். நன்றாக வந்திருக்கிறது. கள்ளவேட்டைக்கு எதிராக 2015இல் கசானேயில் போட்ஸ்வானாவே மாநாடு நடத்தியதைத் தேடிப் பிடித்திருக்கிறார், சபாஷ். ஒரே ஒரு இடம்: "யானைகள் கொல்லப்படுவதைக் கண்காணிக்கப் புதிய அமைப்பு". அது ஏற்கெனவே இருக்கிறது, மைக் என்று பெயர், நான் முதல் நாள் சொன்ன அதே 1997 ஹராரே கூட்டத்தில் முடிவானது. எல்லா வரைவிலும் ஒரு புதிய நிதியம், ஒரு புதிய ஆணையம், ஒரு விழிப்புணர்வு வாரம். இருக்கிற அமைப்பில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடித்து அதை அடைக்கச் சொல்லும் ஷரத்து குழுத் தலைவர் கண்ணில் உடனே படும். காசு யார் தருவது என்ற கேள்வியும் பாதி கரைந்துவிடும்.

ஜூன் 22

கடைசியாக வந்த கேள்வி, வரலாற்று நெருக்கடிக் குழு: 1962, கியூபா ஏவுகணை. இன்றைய நாட்டு விவரம் எதற்கும் உதவாது, எங்கே தொடங்குவது?

அன்றைய மேஜையில் தொடங்குங்கள். அப்போது பாதுகாப்பு கவுன்சிலில் 15 இல்லை, 11 உறுப்பினர்கள்தான், ஏழு வாக்கு போதும். சீனாவின் நாற்காலியில் இருந்தது தைவானில் இருந்த தைபே அரசு, 1971 வரைக்கும். தற்காலிக உறுப்பினர்கள் சிலி, கானா, அயர்லாந்து, ருமேனியா, வெனிசுலா, அன்று ஐக்கிய அரபுக் குடியரசு என்ற பெயரில் இருந்த எகிப்து. அந்த அக்டோபரில் தலைமை சோவியத் ஒன்றியத்திடம். அதாவது அமெரிக்கத் தூதர் ஸ்டீவன்சன் கியூபாவில் இருந்த சோவியத் ஏவுகணைகளின் படங்களைக் காட்டி சோவியத் தூதர் சோரினை மடக்கியபோது சோரினே கூட்டத்தின் தலைவர்.

அப்புறம் முக்கியமாக, தேதிக்குப் பிறகு தெரியவந்ததை மறக்க வேண்டும். துருக்கியிலிருந்து ஜுபிடர் ஏவுகணைகளை எடுத்துவிடுவதாக அமெரிக்கா கொடுத்த வாக்கு ரகசியமாக இருந்தது, பல ஆண்டுகள் வெளியே வரவில்லை. கானாவின் பிரதிநிதி அக்டோபர் 28இல் அதைத் தெரிந்தவர்போலப் பேசினால் தலைவர் நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் நீங்கள் ஒழுங்குப் பிரச்சினை எழுப்பலாம். அக்டோபர் 25 கூட்டத்தின் பதிவு 1025ஆம் எண்ணில் இருக்கிறது, முதலில் அதைப் படியுங்கள். சிலிக்காரர் பேசியதைத் தாண்டிப் போய்விடாதீர்கள், அதுவும் வேலைக்கு ஆகும்.